அசலைக் காக்கும் இயந்திரம்

காலையில் காபிக்கு முன்னால் நான் சர்வர் இயந்திரத்தின் பச்சை விளக்கைத்தான் பார்ப்பேன், ஊர்த்தலைவரே. நம் துமகேட்டே ஊரில் கரண்ட் சொல்லாமல் கொள்ளாமல் போகும். என் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை பிழைப்பதே அதனால்தான்.

தங்கை நெரிசா குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போனபோது அவள் மகள் யுமிக்கு இரண்டு வயது. அங்கே அவளுக்கு ஓய்வு கிடைக்கும் நேரத்தில் இங்கே பிள்ளை தூங்கியிருப்பாள். அதனால் கதை சொல்லிப் பதிவு செய்து அனுப்புவாள். நான் சர்வரில் சேர்த்து டிவியில் ஓடவிடுவேன். ஒவ்வொரு வீடியோவுக்கும் கைரேகைபோல ஓர் எண் உண்டு. இயந்திரம் வாரந்தோறும் ஒப்பிட்டுப் பார்க்கும். கெட்டிருந்தால் இரண்டாவது டிஸ்க்கிலிருந்து நல்ல பிரதியை எடுத்து வைத்துவிடும்.

"போன்ல இடத்த அடைச்சு வைக்காத. அனுப்பினதும் அழிச்சிடு, இங்க பத்திரமா இருக்கும்" என்று அவளிடம் சொன்னவள் நான்தான். அன்று அதில் சூது இல்லை.

கதை முடிந்ததும் யுமி டிவியைக் கட்டிக்கொண்டு அழுவாள். சோறு இறங்காது. கேட்டுக்கொண்டிருந்தவளுக்குத்தான் அது தெரியும். ஒரே ஒரு வீடியோவில் நெரிசாவின் முகத்தைச் சிதைத்தேன். மறுவாரமே இயந்திரம் அதைச் சரிசெய்துவிட்டது. எனக்குக்கூடக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. பிறகு இரண்டு டிஸ்க்கிலும் சிதைத்து, சிதைந்ததற்கே புதிதாகக் கைரேகை எடுத்தேன். அதன்பின் இயந்திரம் அதையே அசலென்று காவல் காத்தது.

வேலியே பயிரை மேய்ந்தது என்று நெரிசா உங்களிடம் சொல்லியிருப்பாள். நான் களைதான் எடுத்தேன். ஒவ்வொரு வீடியோவாக எல்லாவற்றையும் எடுத்தேன். புதிதாக வந்தவற்றைப் பிள்ளையிடம் காட்டவில்லை.

"கரண்ட் போறதுனாலதானேக்கா கெடுது? நல்ல பேட்டரியா ஒண்ணு வாங்கி வையி, நான் பணம் அனுப்புறேன்" என்று, வீடியோக்கள் கெட்டுவிட்டதாக நான் சொன்னதும் போனில் அழுதாள். வாங்கி வைத்தேன். இன்றும் நன்றாக உழைக்கிறது.

பிள்ளைக்குக் கதை வேண்டுமே. அதே கதைகளை நானே சொல்லி, அதே வீடியோப் பெயர்களில் சர்வரில் சேர்த்தேன். உடன்பிறந்தவர்கள், ஜாடை ஒன்றுதான். யுமி அழுவதை நிறுத்தினாள். கருவாடும் சோறும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

போன மாதம் நெரிசா ஒரேயடியாகத் திரும்பி வந்து கை நீட்டினாள். யுமி என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "அம்மா, இவங்க யாரு?" என்று என்னைக் கேட்டாள். நெரிசா நீட்டிய கையை மடக்கவே இல்லை. அப்படிக் கூப்பிடச் சொல்லி நான் பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. அவளாகத்தான் கூப்பிட்டாள்.

பெற்றவளிடம் பிள்ளையைக் கொடு என்கிறீர்கள். கூட்டிப் போகட்டும். சர்வரையும் கொடுத்தனுப்புகிறேன், கதை ஓடாவிட்டால் பிள்ளை தூங்கமாட்டாள். அதில் இனி எதுவும் கெடாது. "வாடி கண்ணு, அம்மா கதை சொல்றேன்" என்று நான் தொடங்குவதிலிருந்து கடைசிவரை, ஒவ்வொன்றும் சுத்தமாக இருக்கிறது.