அஞ்சரை மணி ஆபீஸ்

செஞ்சியிலிருந்து அனந்தபுரம் போகும் டவுன் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். இருவர் கழுத்திலும் ஒரே ஆபீஸின் அடையாள அட்டை. மூத்தவள் மடியில் காய்கறிப் பை. இளையவள் திடீரென்று சொன்னாள்:

"நம்ம ஆபீஸ் அஞ்சு மணிக்கே முடியுதுன்னு எங்க வீட்டுல யாருக்கும் தெரியாதுக்கா."

"இன்னாடி சொல்ற?"

"மூணு வருசமா அஞ்சரைன்னுதான் சொல்லி வச்சிருக்கேன். அந்த அரை மணி நேரம் பஸ் ஸ்டாண்டு கடைசி பெஞ்சுல உக்காந்து மல்லாட்டைய உரிச்சித் தின்னுவேன். யாரும் என்னக் கூப்பிட மாட்டாங்க. இப்ப எங்க தெருப் பொண்ணே நம்ம ஆபீஸ்ல வந்து சேர்ந்துட்டா. அவ போய்ச் சொல்லிட்டான்னா?"

"நீயே முந்திக்கிட்டு சொல்லிடேன்."

"சும்மாதான் உக்காந்திருந்தேன்னா யாருக்கா நம்புவாங்க?"

மூத்தவள் காய்கறிப் பையைக் காலடியில் இறக்கி வைத்தாள்.

"அந்தப் பொண்ணு இன்னிக்கு ஆபீஸ் விட்டதும் வர்ற பஸ்ஸுல போயிட்டாளா?"

"போகல. இதுலயும் ஏறல. என் பெஞ்சுல தனியா உக்காந்திருந்தா. என்னப் பாத்ததும் மூஞ்சியத் திருப்பிக்கினா."

"அப்ப அவளும் வீட்டுல அப்படித்தான் சொல்லி வச்சிருக்கா. அவ எங்க போய் வாயத் தொறக்கப் போறா? வுடு, டென்சன் ஆவாத."

இளையவள் கையிலிருந்த வேர்க்கடலைப் பொட்டலம் இன்னும் பிரிக்காமலே இருந்தது.

"நாளையிலருந்து நான் எங்க போய் உக்கார்றது, அக்கா?"