எங்கள் காட்டில் கொம்பன் இல்லை

அவைக்கு அழகாய் அமர்ந்திருக்கும் தலைவர் அப்புத்துரை ஐயா அவர்களே! மாசி வெயிலையும் அரிவுவெட்டையும் தள்ளிவைத்து வந்திருக்கும் துணுக்காய்க் கமக்காரப் பெருமக்களே! வயலையும் வீட்டையும் ஒரே கையால் ஆளும் தாய்மாரே! மதிலில் ஏறியிருந்து விசிலடிக்கும் இளவல்களே! பொன்னாடையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, "உவர் எப்ப முடிக்கப்போறார்?" என்று என்னையே பார்த்திருக்கும் இன்றைய விழா நாயகி கமலாட்சி அக்கா அவர்களே! அனைவருக்கும் என் அன்பு வணக்கம்.

"நீ என்ன பெரிய கொம்பனோ?" என்று கேட்கிறோமே, அந்தக் கொம்பன் எங்கே? நம் காட்டில் பத்து ஆண்யானையைக் கண்டால் எத்தனைக்குக் கொம்பு இருக்கிறது? என்ன தம்பி, ஒரு விரலைக் காட்டுகிறீர்? அதுவே கூடுதல்! மற்றதெல்லாம் அலியன், கொம்பில்லாத ஆண்.

ஏன் இப்படி ஆனது? கொம்புக்காகக் கொன்றான் மனிதன். பூட்டன் காலத்திலும் கொன்றான், பாட்டன் காலத்திலும் கொன்றான். கொம்புள்ளவன் பிள்ளை பெறுமுன்னே போய்ச் சேர்ந்தான். கொம்பில்லாதவன் பிழைத்தான், பெற்றான், அவன் பிள்ளைக்கும் கொம்பில்லை. நல்ல கதிரையெல்லாம் சோற்றுக்கு அரிந்துவிட்டு மிச்சத்தை விதைத்தால் அடுத்த போகம் எப்படி வரும்? கமக்காரருக்கு நான் சொல்ல வேண்டுமா? யானையைக் கொன்றோம் என்றுதான் நினைத்தோம். யானையின் உருவையே மாற்றிவிட்டோம்! அதற்காக அலியனை நான் குறை சொல்லேன். கொம்பை இழந்தும் காட்டை இழக்காத குலமல்லவா அது!

சில வருடங்களுக்கு முன் அக்காவின் நெற்கொட்டிலுக்கு ஒரு யானை வந்தது. வருடம் முழுவதற்கும் வைத்திருந்த நெல்லைத் தின்றது, தின்ற மிச்சத்தை மிதித்தது. மண்சுவரில் மிஞ்சியவை இரண்டு ஓட்டைகள். அலியன் முட்டினால் சுவர் விழும், ஓட்டை விழுமா? சேதி கேட்டு, முன்பின் தெரியாத சிலர் ஒரு வான் வண்டியில் வந்து இறங்கினார்கள். துக்கம் விசாரிக்கவா வந்தார்கள்? கொம்பு விசாரிக்க வந்தார்கள்!

"வந்தது கொம்பன்தானே, அக்கா?"

"இல்லை. அலியன்."

"அப்ப சுவரிலை ரெண்டு ஓட்டை?"

"அது நான் அலவாங்குக் கம்பியாலை இடிச்சது. காத்து வர வேணுமெல்லே!"

சிரிக்கிறீர்கள். வயிறு எரிய நின்றவர் வாயில் வந்த சொல் ஐயா அது! நானாயிருந்தால், "உந்தப் பக்கம்தான் போகுது, சுடுங்கோ" என்றிருப்பேன். அடுத்த வீட்டில் கேட்டார்கள், அலியன். கடையில் கேட்டார்கள், அலியன். கோயிலடியில் கேட்டார்கள், பூசாரியாரே சொன்னார், அலியன்! ஊர் கூடித் தேர் இழுப்பார்கள். எங்கள் ஊர் கூடிப் பொய் சொன்னது.

வான் போனபின், "ஏனக்கா?" என்றேன்.

"நெல்லு அடுத்த போகம் விளையும், தம்பி. கொம்பு விளையுமே?"

அந்த வருடம் முழுக்க அவர் அடுத்தவர் வயலில் கூலிக்கு நின்றுதான் அடுப்பு மூட்டினார். ஆனால் அன்பர்களே, அந்தப் பொய்யின் பலனைப் போன கிழமை என் கண்ணால் கண்டேன்! குளக்கட்டுக்கு அங்கால், கூட்டத்தின் நடுவே ஓர் ஆண்கன்று. அன்று வந்த கொம்பனின் பிள்ளைதானா என்று பிறப்புச் சான்றிதழ் கேட்க நான் போகவில்லை. ஆனால் அதன் வாயோரம், விரல் நீளத்தில், வெள்ளை வெளேரென்று...

"தம்பி! மைக்கைப் பிடிச்சுக்கொண்டு என்ன கதைக்கிறீர்?"

அக்கா எழுந்துவிட்டார்! பொறுத்தருளுங்கள் அக்கா, வாசலில் வெளியூர் வாகனங்களும் நிற்கின்றன, மறந்தே போனேன். சபையோரே, நான் சொன்னதெல்லாம் கட்டுக்கதை. நீங்களே சொல்லுங்கள், எங்கள் காட்டில் கொம்பன் உண்டா?

("இல்லை!")

வாசலுக்குக் கேட்கவில்லை!

("இல்லை!")

அப்படியானால் கன்றின் வாயில் நான் கண்டது?

("அலவாங்கு!")

நன்றி, என் ஊரே! அலியன்கள் மட்டுமே வாழும் எங்கள் காட்டின் சார்பில் அக்காவை வணங்கி அமர்கிறேன். வணக்கம்!