பனி முடியுற இடம்

இல்ல தம்பி, கீழ விழல, தண்ணியும் படல. ஆனாலும் ஸ்கிரீன்லதான் கோளாறுன்னு எனக்குத் தோணுது. கொஞ்சம் நல்லாப் பாருங்களேன். இதுக்குன்னே அஸ்தினாபுரத்துலேர்ந்து ஆட்டோ புடிச்சு வந்தேன்.

லேப்டாப்பு என் பொண்ணு கோகிலவாணியோடது. வீட்டுலேயே உக்காந்து கார்ட்டூன் பண்றா, பசங்க பாடத்துக்கு. இன்னிக்கு ஃப்ரெண்டு வளைகாப்புக்குப் போயிருக்கா. அவளுக்குத் தெரியாமத்தான் தூக்கிட்டு வந்தேன். பாஸ்வேர்டா? முருகான்னு போட்டு அவ பொறந்த வருஷம். நான் சொல்லி வச்சதுதான், சிரிக்காதீங்க.

அந்த ஏரிப் படத்தத் தொறங்க. பள்ளிக்கரணைப் பக்கம் போயி நாரையெல்லாம் பாத்துட்டு வந்து வரைஞ்சா. தண்ணி மேல பனி இருக்கு பாருங்க, அதுலதான் தகராறு. நான் எட்டாவதோட நின்னவ. பக்கத்துல உக்காந்து பாத்துப் பாத்துத் தெரிஞ்சதச் சொல்றேன். வெள்ளையா ஒரு பட்டை போடுவா. அடியில முழு வெள்ளை. மேல போகப் போகக் கொஞ்சங் கொஞ்சமாக் கரைஞ்சு, பின்னாடி இருக்கற மரம் தெரியணும். உச்சியில ஒண்ணுமே இருக்கக் கூடாது. ஓரத்துல ஒரு குமிழ் இருக்கும், அதத் தள்ளத் தள்ள வெள்ளை குறையும். ஆல்ஃபாவோ என்னமோ பேரு... ஆங், அதேதான். நம்பர் அடிச்சாலும் வருமாம். இவ அடிக்க மாட்டா. கண்ணால பாத்து, மறையற இடத்துல நிறுத்தினாத்தான் பனி பனியா இருக்கும்பா.

வேலை குடுக்கறவங்க ரெண்டு தடவ திருப்பி அனுப்பிட்டாங்க. பனிக்கு மேல கோடு தெரியுதாம், கத்தரிச்சு ஒட்டின மாதிரி. இன்னொரு தடவ இப்படி வந்தா வேற ஆளப் பாத்துக்கறோம்னுட்டாங்க. இவ அவங்களத் திட்டறா. அவங்க போனு மட்டமாம், அவங்க ஆபீஸ் லைட்டு சரியில்லையாம்.

நான் அவ பக்கத்துல போயி இந்த ஸ்கிரீன்லயே பாத்தேன். கோடு இருக்கு தம்பி. எனக்கு வலது கண்ணுல புரை, இன்னும் ஆபரேஷன் பண்ணல. எனக்கே தெரியுது. இந்தா இங்கடின்னு வெரல வச்சுக் காட்டறேன், எங்கம்மாங்கறா. குமிழத் தள்ளிக்கிட்டே, இந்தா போச்சு, போயே போச்சுங்கறா. எனக்குப் போகல. சும்மா வெளையாடாதம்மான்னு கோவம் வேற. அன்னிக்கு சாப்பாட்டுத் தட்டக்கூட அவளே ரூமுக்கு எடுத்துட்டுப் போயிட்டா.

அதான் காலையில குமரன்குன்றம் படியேறினேன். முருகா, ஸ்கிரீன் கெட்டுப் போயிருக்கணும்னு வேண்டிக்கிட்டேன். இப்படி யாராவது வேண்டுவாங்களா, சொல்லுங்க. அவருக்கே சிரிப்பு வந்திருக்கும்.

என்ன? உங்க பெரிய ஸ்கிரீன்ல போட்டுப் பாக்கறீங்களா? போடுங்க, போடுங்க.

ம்... தெரியுது. உங்களுக்கும் தெரியுதா? அந்த மரக்கெளைக்குக் கீழ? ஆமா, அங்கதான். அப்ப இதுலயும் அதே கோடு.

நல்லாத்தான் இருக்குங்கறீங்க. கண்ணாடி, உள்ள லைட்டு எல்லாமே? சரி தம்பி. இல்ல, ஒண்ணுமில்ல, தண்ணியெல்லாம் வேணாம். எதுக்கும் ஒரு புது ஸ்கிரீன் போட்டுட்டா? காசு போனாப் போகுது... வீண் செலவுதானா. புரியுது. ஏமாத்தாம சொல்றீங்க, நல்லா இருப்பீங்க.

இல்ல, அவ கண் டாக்டர்கிட்ட இன்னும் போகல. நான் கூப்பிட்டா வர மாட்டா. இப்பல்லாம் இருட்டினா வண்டிய எடுக்கறதில்ல. போன வாரம் ஹால்ல லைட்டு எரிஞ்சுக்கிட்டு இருக்கு, லைட்டப் போடும்மாங்கறா. போட்டுத்தான் இருக்குன்னு சொல்ல எனக்கு வாய் வரல.

மூடிக் குடுத்துடுங்க தம்பி. இன்னிக்கு நானே அவகிட்ட பேசறேன். அப்புறம் ஒரு ஒத்தாசை. வெளிய போர்டுக் கம்பியப் புடிச்சுக்கிட்டு நிக்கறாரே, அவர்தான் அவங்கப்பா. ஆட்டோ வரைக்கும் கொஞ்சம் கையப் புடிச்சுக் கூட்டிட்டு வந்துடுங்க, நான் இதத் தூக்கிக்கறேன். அவரும் மொதல்ல டியூப்லைட்டத்தான் குத்தம் சொன்னாரு. வீட்டுல இருந்த அத்தனையும் மாத்தினோம்.