கயிறு பிடித்த கை

நான் சினிமா பார்க்கிற ஆள் இல்லை. ஒரு கூட்டத்தை இருட்டில் உட்கார வைத்து, நடக்காததை நடந்ததாகக் காட்டுகிற தொழிலில் எனக்கு நம்பிக்கை கிடையாது. முதலில் அதை எழுதிக்கொள்ளுங்கள். எழுதி முடித்ததும் ஸ்டேஷன் ரைட்டர் ஐயா ஒரு தடவை வாசித்துக் காட்ட வேண்டும். நான் மூன்றாங்கிளாஸோடு நின்றவன். ஆனால் சொல்லாததை எழுதினால் என் காது கண்டுபிடித்துவிடும்.

பெயர் ஹென்றி. சங்கு குளிக்கிற தோணியில் முப்பது வருஷம் கயிறு பிடித்தேன். இன்ஸ்பெக்டர் ஐயா வெளியூர் மாதிரித் தெரிகிறது, அதனால் சொல்கிறேன். குளிகாரன் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, கனத்துக்கு ஒரு கல்லோடு கீழே போவான். மூச்சு முட்டினால் கயிற்றைச் சுண்டுவான். தோணியில் நிற்கிறவன் இழுக்க வேண்டும். அந்தக் கயிற்றைக் கண்டவன் கையில் கொடுப்பதில்லை. பெண்டாட்டியின் கூடப்பிறந்தவன்தான் பிடிப்பான். தங்கச்சி தாலியறுத்து நிற்பதை எந்த அண்ணனும் பார்த்துக்கொண்டிருக்க மாட்டான் என்று ஒரு யோசனை. நல்ல யோசனைதான். என் தங்கச்சி பிலோமினாவின் புருஷன் இனிகோவுக்கு நான்தான் பிடித்தேன்.

எழுபத்து நாலில் மெட்ராஸிலிருந்து ஒரு கம்பெனி வந்தது. முத்துக்குளிக்கிறவனின் காதலைப் பற்றிப் படமாம். முத்துக்குளிப்பு நின்று பத்துப் பன்னிரண்டு வருஷமாகிறது என்று சொன்ன பிறகும் அவர்கள் திரும்பிப் போகவில்லை. கதாநாயகன் துறைமுகம் தாண்டுமுன்பே வாந்தி எடுத்தான். அவனுக்குப் பதிலாகக் குதிக்க இனிகோவைப் பிடித்தார்கள். தலையில் சுருட்டை முடி ஒட்டி, உடம்பெல்லாம் ரோஸ் பவுடர் அப்பினார்கள். கடலில் குதிக்கிறவனுக்குப் பவுடர். எங்கள் கல் பார்க்கக் கல் மாதிரி இல்லை என்று டைரக்டர் குறைப்பட்டார். தக்கையில் ஒன்று செய்து வர்ணம் அடித்துக் கொண்டுவந்தார்கள். அது கல் மாதிரியே இருந்தது. போட்டதும் மிதந்தது. இனிகோ சிரித்த சிரிப்பில் முகத்துப் பவுடர் வெடித்துப்போயிற்று.

தண்ணீருக்கு அடியில் நடப்பதை மெட்ராஸில் கண்ணாடித் தொட்டியில் எடுத்துக்கொள்வார்களாம். இங்கே வேண்டியது இனிகோ குதிப்பதும், கயிறும், கயிற்றைப் பிடித்த கையும். கதைப்படி கயிறு பிடிக்கிறவன் துரோகி. கீழேயிருந்து சுண்டினாலும் இழுக்க மாட்டான். துரோகி வேஷக்காரரின் கை வெண்டைக்காய் மாதிரி இருந்ததால் என் கையை எடுத்தார்கள். முகம் வேண்டாம் என்றுவிட்டார்கள்.

நாலு தடவை எடுத்தார்கள். நாலு தடவையும் இனிகோ கீழே போய் நடிப்புக்காகச் சுண்டினான், என் கை உடனே இழுத்துவிட்டது. சொன்னால் கை கேட்கவில்லை. டைரக்டர் என்னிடம் வந்து, "பெரியவரே, உங்களுக்குக் கை இருக்கு, நடிப்பு இல்லை. வேற ஆளை வெச்சுப் பார்த்துக்கறேன்" என்றார். தோணியில் எல்லாரும் கேட்டுக்கொண்டுதான் நின்றார்கள். வேற ஆள் பிடித்தால் இனிகோ உயிருக்கு யார் பொறுப்பு? அதற்காகத்தான் நானே பிடிக்கிறேன் என்று சொன்னேன். இதைக் கொஞ்சம் அழுத்தி எழுதுங்கள்.

ஐந்தாம் தடவை குதிக்குமுன் இனிகோ குளிரில் பல் தந்தியடிக்க என்னிடம் சொன்னான்: "மச்சான், மொத சுண்டு படத்துக்கு. ரெண்டாவது சுண்டுனா அது எனக்கு. இழுத்துரும்."

முதல் சுண்டு வந்தது. கையை அசையாமல் வைத்திருந்தேன். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாவது வந்தது. தெரியவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். முப்பது வருஷம் பிடித்தவனுக்கு அது தெரியும். அந்த நேரத்தில் டைரக்டர் என் காதுக்குப் பக்கத்தில், "பிரமாதம், அப்படியே" என்றார். என் வேலையைப் பார்த்து அந்த வார்த்தையை அதுவரை ஒருத்தரும் சொன்னதில்லை. மூன்றாவது சுண்டு மெதுவாக வந்தது, சின்ன மீன் இரையைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி. பிலிம் தீர்ந்துவிட்டது என்று கேமராக்காரர் சொன்னதும் இழுத்தேன். வேகமாகத்தான் இழுத்தேன்.

கயிறு அசையவே இல்லை என்று கரையில் சொன்னேன். கம்பெனி ஆட்களும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். கதாநாயகன் மாலை அனுப்பினான்.

படம் ஊரில் நாலு நாள் ஓடியது. பிலோமினா துக்கத்தில் இருந்தாள், போகவில்லை. நான் நாலு நாளும் போனேன். சினிமா பார்க்கிற ஆள் இல்லை என்று சொன்னது பொய்யில்லை. என் கை வருகிற இடம் வரைக்கும் இருந்துவிட்டு எழுந்து வந்துவிடுவேன்.

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஐந்து வருஷம் கழித்து, பிலோமினாவின் பக்கத்து வீட்டுப் பவுல், கப்பல்காரன், சிங்கப்பூரிலிருந்து டெலிவிஷனும் கேசட் மிஷினும் கொண்டுவந்தான். கூடவே ஒரு தமிழ்ப் படக் கேசட். போன ஞாயிறு பூசை முடிந்து தெருவே அவன் வீட்டில் உட்கார்ந்தது, நானும் இருந்தேன். பார்த்தால் அந்தப் படம். ஓடாத படத்தைக் கேசட்டிலாவது விற்போம் என்று, காதலையும் அழுகையையும் வெட்டிப் போட்டுவிட்டு, கோமாளி வருகிற துண்டுகளை மட்டும் ஒட்டியிருந்தார்கள். வயிறு குலுங்கச் சிரிக்கலாம் என்று அட்டையில் போட்டிருந்ததாம். கயிறு சுண்டுகிறது, என் கை அசையாமல் நிற்கிறது, அடுத்து கோமாளி தலையில் கணவாய் மீனோடு தண்ணீரிலிருந்து எழுந்திருக்கிறான். தெரு விழுந்து விழுந்து சிரித்தது.

பிலோமினா சிரிக்கவில்லை. "ஏலே பவுலு, அதத் திரும்பப் போடு" என்றாள்.

கொட்டகையில் போனது போனதுதான். இந்த மிஷினில் போனது திரும்பி வருகிறது. இது எனக்கு யாரும் சொல்லவில்லை. மூன்று தடவை போடச் சொன்னாள். நாலாம் தடவை படத்தை நிறுத்தச் சொன்னாள். என் கை அப்படியே நின்றது, வளைந்த சுண்டுவிரலோடு. சின்ன வயதில் அந்த விரலைப் பிடித்துக்கொண்டுதான் அவள் கோயிலுக்கு வருவாள்.

"மூணு சுண்டு, அண்ணே" என்றாள். "அசையவே இல்லன்னு சொன்னிய."

கோயில் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்துவிடுகிறேன் என்று அவள் வீட்டு வாசலில் வைத்துச் சொன்னேன். "அங்க சொன்னா வெளிய வராது. ஸ்டேஷன்ல சொல்லு" என்று கதவைச் சாத்திவிட்டாள். அதனால் வந்திருக்கிறேன்.

மூன்று தடவை சுண்டினான், நான் இழுக்கவில்லை. இழுத்திருந்தால் பிழைத்திருப்பான். இதுவும் எழுதியாயிற்றா? கொலை என்று போடுவதானால், அதற்கு முன்னால் பவுலிடம் அந்தக் கேசட்டை வாங்கிப் பாருங்கள். அந்த இடத்தில் நிறுத்துங்கள். நிறுத்தினால் படம் கொஞ்சம் நடுங்கும், அது மிஷின் கோளாறு என்று பவுலே சொன்னான். என் கை துளிகூட நடுங்கவில்லை. கொலைகாரன் கை என்றால் நடுங்கியிருக்காதா, சொல்லுங்கள்.