மாமாவின் உள்ளங்கையில் இருந்த அளவுகள்

"ஐயோ, கையக் கழுவிடாதீங்க மாமா!"

கடலூரில் இருந்து சிதம்பரம் போகும் பஸ். ஆலப்பாக்கம் தாண்டியதும் முன் சீட்டில் இருந்து இந்தக் குரல் கேட்டது. மடியில் லேப்டாப் வைத்திருந்த ஒரு பெண், தண்ணீர் பாட்டிலைத் திறந்த பக்கத்து சீட்டுக்காரரின் இடது கையை எட்டிப் பிடித்திருந்தாள். உள்ளங்கை முழுக்கப் பேனாவால் எழுதிய எண்கள்.

"இதெல்லாம் என்னா?"

"காலையில கம்ப்யூட்டர்ல வரைஞ்ச வீட்டு பிளானோட அளவும்மா. உங்க கம்பெனி சாஃப்ட்வேர்ல ஒரு செவுத்த அளந்துட்டு அடுத்ததத் தொட்டா, முன்னாடி அளந்தது மறைஞ்சி போயிடுது. அதான் கையில எழுதிக்கிறேன்."

"அந்த அளக்குற டூல நான்தான் டிசைன் பண்ணேன். ஒரு வார்த்த சொல்லலியே!"

"நீ சங்கடப்படுவன்னு விட்டுட்டேன்."

"புள்ளிக்கு அப்புறம் எட்டு எண் காட்டுதுன்னு பெருமையா வேற சொல்லிக்கிட்டிருந்தேன்."

"மேஸ்திரி அடி, இஞ்சுதானே கேக்குறாரு."

அவள் சிரித்துவிட்டாள். உள்ளங்கையை போனில் படம் எடுத்தாள்.

"அளந்தது அப்படியே நிக்கணும். நீங்களா அழிச்சாத்தான் போவணும். நாளைக்கு மீட்டிங்ல இந்த போட்டோவத்தான் காட்டப் போறேன். மாத்த வெக்காம வுட மாட்டேன்."

"ஒரு கைய பாத்து மாத்திடுவாங்களா?"

"கண்டிப்பா மாத்துவாங்க."

"அப்ப இதயும் எடுத்துக்க" என்று மாமா சட்டையின் முழுக்கையை மேலே சுருட்டினார்.

முழங்கை வரைக்கும் அளவுகள்.