காலணியைப் பார்க்காமல் ஆட்டத்தைப் பார்க்கவைத்த அம்மாவுக்கு

வாசலில் விரட்டப்பட்ட பிள்ளைகளுக்கு வலைகட்டித் தந்த வள்ளலே! வசதி இல்லாதவர்க்கும் மட்டை வசப்படும் என வாதாடி வென்ற வீரமங்கையே! எங்கள் கிரிக்கெட் கிளப்பின் தலைமைப் பயிற்சியாளரே, பிள்ளைகள் வாய்நிறைய அழைக்கும் 'அம்பயர் அம்மா'வே, வணக்கம்!

இந்தப் பிரியாவிடை மடல் இனிமையாக இருக்கட்டும் என்று கிளப் செயலாளர் சொல்லியனுப்பினார். முடியவில்லை அம்மா. வயிறு எரிகிறது.

சாக்கடை வாய்க்காலுக்கு அப்பால் தகரக் கூரைகளின் கீழ் வாழும் பிள்ளைகள் நம் மதில்மேல் தொற்றி நின்று ஆட்டம் பார்த்தார்கள். அவர்களை இறக்கி, வாசல்வழியே வரவழைத்து, விடியற்பொழுதில் இலவசப் பயிற்சி தொடங்கினீர்கள். இருந்தது ஒரே சோடி பேடு. வலக்கை ஆட்டக்காரிக்கு இடக்காலிலும், இடக்கை ஆட்டக்காரனுக்கு வலக்காலிலும் பந்துக்கு முன்னே நிற்கும் காலுக்கு மட்டும் ஒவ்வொன்றாகக் கட்டிவிட்டு, இருவரையும் ஒரே நேரத்தில் ஆடவைத்த சாமர்த்தியம் வேறு யாருக்கு வரும்!

அணித் தேர்வன்று, ஷூ இல்லையென்று அப்பிள்ளைகளைச் செயலாளர் கேட்டிலேயே நிறுத்தினார். "ரூல்னா ரூல்தாம்மா, நான் என்ன பண்றது?" என்று கைவிரித்தார். நீங்கள் விறுவிறுவென மைதானத்துக்குள் போனீர்கள். "எல்லாரும் ஷூவைக் கழட்டுங்க. இன்னைக்கு டென்னிஸ் பந்துதான், வெறுங்கால்ல பட்டாலும் ஒண்ணும் ஆகாது. இப்ப யாருக்குமே ஷூ இல்ல, கேட்டைத் திறங்க!" என்றீர்கள். யார் எந்தத் தெரு என்று தெரியாமல் தேர்வாளர்கள் திருதிருவென விழித்தார்கள். வேறு வழியின்றி ஆட்டத்தைப் பார்த்தார்கள். அணியில் பாதிப்பேர் வாய்க்காலோரத்துப் பிள்ளைகள்! செயலாளரின் மைத்துனர் மகனுக்கு இடமில்லை.

அந்தக் கடுப்பு அவருக்கு இன்னும் தீரவில்லை. நீங்கள் விடைபெறும் இன்றோடு விடியற்பயிற்சியும் நிறுத்தமாம். வலைகள் இனிக் கட்டணம் கட்டுவோர்க்கு மட்டுமாம். வென்ற கோப்பைகள் வரவேற்பறையில் பளபளக்குமாம், வென்ற பிள்ளைகள் வெளியே நிற்க வேண்டுமாம்! முன்வரிசையில் அமர்ந்து கைதட்டும் நிர்வாகக் குழுவினரே, உங்களைத்தான் கேட்கிறோம்: வெட்கமாக இல்லையா?

அம்மா, நோய்நொடியின்றி நூறாண்டு வாழ்க! வருஷக்கணக்காக வலிக்கும் அந்த முழங்காலை இனியாவது டாக்டரிடம் காட்டுங்கள். விடிந்த பிறகும் கொஞ்சம் தூங்குங்கள்.

நாளைய பயிற்சியை நாங்கள் நடத்துவோம். பிள்ளைகளிடம் சொல்லிவிட்டோம். அதற்காக எங்களையும் வீட்டுக்கு அனுப்புவதென்றால், நிர்வாகம் இதே மேடையில் எங்களுக்கும் மாலை போடட்டும்.

என்றும் உங்கள்,
கேட் காவலாளி,
மைதானப் பணியாளர்கள்,
உதவிப் பயிற்சியாளர்கள்