என் ட்ரம்ஸில் இன்னொருவன்

கோயில் மேடையில் செருப்போடு ஏறக்கூடாது, ஐயா. எங்கள் பேண்டில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு அதைச் சொல்கிறவன் நான்தான். ஆதிநாராயணனுக்கும் சொன்னேன். மறுபேச்சுப் பேசாமல் ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தான்.

எங்களுக்கு ராக் பேண்டு என்றுதான் பெயர். கும்மிடிப்பூண்டியில் ராக் கேட்க யார் இருக்கிறார்கள்? ஆடி மாதத்தில் அம்மன் பாட்டைக் கிட்டாரில் வாசிப்போம், ஊரே ஆடும். கிட்டார் அன்புராஜ். ட்ரம்ஸ் நான், துளசிராமன். இருவருக்கும் ஒரே இரும்பு ஆலையில் வேலை. நான் அங்கே எலக்ட்ரீஷியன். பேண்டை ஆரம்பித்ததே நாங்கள் இருவரும்தான்.

ஆலையில் ஒருவன் வராவிட்டால் காண்ட்ராக்ட் ஆளை நிறுத்துவார்கள். மெஷினுக்கு ஆள் வித்தியாசம் தெரியாது. பேண்டு அப்படியா? அன்புராஜ் பாட்டை எங்கே நிறுத்துவான் என்பது அவனுக்கு முன்பே என் கைக்குத் தெரியும். எந்தக் கொம்பனாலும் அதை ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ள முடியாது. நான் சொல்வது நியாயம்தானே?

இந்த 2006 ஆடியில் எனக்குத் தோள்மூட்டு இறங்கிவிட்டது. தாளம் கொஞ்சம் பின்தங்கியது, ஒப்புக்கொள்கிறேன். பெரியபாளையத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் திருவிழா. அன்புராஜ் என் வீட்டுக்கு வந்தான்.

“கோச்சிக்காத துளசி. இந்த ஒரு ஷோ ஆதி வாசிக்கட்டும். நீ தோள டாக்டர்கிட்ட காட்டிக்கினு அப்பால வா.”

“மொத்தமா தூக்கிட்டேன்னு சொல்லேன்டா.”

“இன்னாடா பேசற? உன் எடத்துல யார்றா வருவான்?”

வந்துவிட்டானே. ஒரு ஷோ என்றுதான் ஆரம்பிப்பார்கள். இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குகிற உலகம்.

ஆனாலும் ட்ரம்ஸ் செட்டை நானே வந்து பூட்டித் தருகிறேன் என்றேன். மேடைக்குப் போனபோது அன்புராஜின் மனைவி ஈஸ்வரி ஓடிவந்தாள்.

“வந்துட்டியாண்ணா? நீ வரமாட்டன்னு காலைல நாஷ்டா கூட துன்னல அவரு.”

மேடையில் தண்ணீர் தெளித்திருந்தார்கள். பெரிய ட்ரம்மின் இரும்பு வளையத்தில் கரண்ட் ஏறும்படி செய்தேன். ஆதிநாராயணன் உட்கார்ந்ததும் வளையத்தை இறுக்கிப் பார்ப்பான், ஒத்திகையில் கவனித்திருந்தேன். ஷாக் அடித்தால் பயந்து ஓடிவிடுவான் என்று நினைத்ததாக நேற்று விசாரணையில் உங்களிடம் சொன்னேன். அது பொய். ஈரத்தில் வெறுங்காலோடு நிற்பவனைக் கரண்ட் என்ன செய்யும் என்று எலக்ட்ரீஷியனுக்குத் தெரியாதா? அவன் சாக வேண்டும் என்றுதான் செய்தேன்.

அன்புராஜுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஷோ தொடங்குவதற்கு முன் கிட்டாரை மாட்டிக்கொண்டு நேராக என்னிடம் வருவான். அந்த வளையத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வான். எந்த மேடையிலும் அது தவறியதில்லை.

அன்றும் வந்தான். ஆதிநாராயணன் உட்காருவதற்கு முன்பே வந்துவிட்டான். நான் மேடைக்குக் கீழே நின்றிருந்தேன். கத்துவதற்கு நேரம் இருந்தது. தொடுவானா என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

இத்தனை வருஷத்து வழக்கத்தை எப்படி மறந்தாய் என்று கேட்கிறீர்கள். மறக்கவில்லை, ஐயா. நான் உட்காராத ட்ரம்ஸை அவன் கும்பிடமாட்டான் என்று நம்பினேன். அவன் செத்துப்போன பிறகு இப்போதும் நம்புகிறேன். அன்றைக்கு அவன் கை தவறித்தான் பட்டிருக்கும்.